பினாங்கு இலகு ரயிலும் காரைக்குடிக் கேள்விகளும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இலகு ரயில் வேலை 2025 ஜனவரியில் தொடங்கியது. அங்கே கடை, கோயில், உறவு என்று ஏதாவது ஒரு தொடர்பு இல்லாத ஊர் செட்டிநாட்டில் குறைவு. அதனால் அந்தச் சேதி இங்கேயும் பேசப்படுகிறது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதும் பேச்சு இன்னொரு பக்கம் திரும்பியது: “அங்கே வருது, நமக்கு எப்போ?” கல்யாணப் பந்தியிலும், பேருந்து நிலையத்திலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்த கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குச் சரியென்று படும் பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

இலகு ரயில்னா என்ன? மெட்ரோவும் அதுவும் ஒண்ணா?

இல்லை. மெட்ரோவைவிடச் சின்ன வண்டி, குறைந்த எடை, குறைந்த செலவு. தெருவிலேயே தண்டவாளம் பதித்து ஓட்டலாம், தனித் தடத்திலும் ஓட்டலாம், தூண்கள் மேலும் ஓட்டலாம். சென்னையில் 1895-லிருந்து 1953 வரை ஓடிய டிராம் இந்த வகையின் மூத்த தலைமுறை. பெயர் ஒன்றாக இருந்தாலும், தெருவோடு ஓடுவதற்கும் தூண் மேல் ஓடுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. பினாங்கில் நடந்த சண்டையில் பாதி அதைப் பற்றியதுதான்.

பினாங்கு சின்னத் தீவுதானே, அங்கே ஏன் இவ்வளவு கார்?

ஒரு காலத்தில் அங்கே கார் தேவைப்படவில்லை. தலைநகர் ஜார்ஜ் டவுனில் மின்சார டிராம் 1906-ல் வந்து 1936 வரை ஓடியது. 1925-ல் வந்த டிராலி பஸ் 1961-ல் நின்றது. 1972-ல் பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்பேட்டை வந்ததும் வேலை ஒரு மூலைக்கும் வீடு இன்னொரு மூலைக்கும் போய்விட்டன. 1985-ல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. மலேசியாவின் சொந்தக் காரான புரோட்டான் சாகாவும் அதே ஆண்டில்தான் சாலைக்கு வந்தது. பெட்ரோலுக்கு அரசு மானியமும் இருந்தது. 2014-ல் இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர். இப்போது மாநிலத்தில் 17 லட்சத்துக்கு மேல் மக்கள், பதிவான வாகனங்களோ மக்களைவிட அதிகம்.

சாலை போடப் போட வண்டி பெருகியது. இது பினாங்கு மக்களின் குணக்கேடு இல்லை. பேருந்துக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்தால் யாரும் வண்டி வாங்கத்தான் செய்வார்கள்.

எங்கேயிருந்து எங்கே ஓடும்?

தீவின் தெற்கே கடலைத் தூர்த்து உருவாகிவரும் நிலத்திலிருந்து புறப்பட்டு, விமான நிலையம், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாக ஜார்ஜ் டவுனின் கொம்தார் கோபுரத்துக்கு வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டிப் பெருநிலத்தின் பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து நிலையத்துக்குப் போகும். சுமார் 29 கிலோமீட்டர், பறக்கும் பாதை. பெயர் முத்தியாரா. முதல் கட்டத்துக்கான முதன்மை ஒப்பந்தம் மட்டுமே 831 கோடி ரிங்கிட் (மலேசிய நாணயம்). 2031-ல் முடிப்பதாகத் திட்டம்.

எதிர்த்தவங்க யார்? ரயிலே வேண்டாம்னு சொன்னாங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இங்கே பலர் “வளர்ச்சியைத் தடுக்கிற கூட்டம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

2013-ல் பினாங்கு அரசு ஏற்றுக்கொண்ட முதல் போக்குவரத்துத் திட்டம், ஹால்குரோ என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்தது. தெருவோடு ஓடும் டிராம், நல்ல பேருந்து, சில சாலைகள். மொத்தச் செலவு சுமார் 2,700 கோடி ரிங்கிட். பிறகு எஸ்.ஆர்.எஸ். என்ற கட்டுமானக் கூட்டமைப்பு கொடுத்த திட்டத்தில் டிராம் போய்ப் பறக்கும் இலகு ரயில் வந்தது, கூடவே பெரிய நெடுஞ்சாலைகளும் வந்தன, செலவு சுமார் 4,600 கோடி ரிங்கிட்டுக்கு ஏறியது. பணத்துக்கு வழி? தீவின் தெற்கே கடலைத் தூர்த்து மூன்று தீவுகள், சுமார் 4,500 ஏக்கர், உருவாக்கி அந்த நிலத்தை விற்பது.

சண்டை அங்கேதான் மூண்டது. அந்தக் கடல்பகுதி மீனவர்களின் பிழைப்பு. இறாலும் மீனும் அங்கே கிடைக்கின்றன. “ரயிலுக்குப் பணம் எங்கள் கடலை விற்றுத்தான் வர வேண்டுமா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள், 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த அனுமதியை ரத்து செய்தது. பினாங்கு ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்புகளின் கூட்டணி இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டது: இதே ஊருக்கு டிராமும் பேருந்துத் தனித்தடமும் மலிவாகவும் சீக்கிரமாகவும் வருமே, ஏன் தூண்? உலக மரபுச் சின்னமாக 2008-ல் யுனெஸ்கோ அறிவித்த ஜார்ஜ் டவுனுக்கு அருகே தூண் நட்டால் ஊரின் முகம் என்ன ஆகும்?

ஆக, எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பொதுப் போக்குவரத்தை விரும்பியவர்கள். அவர்கள் கேட்டது ரயிலின் வடிவத்தையும் பணத்தின் ஊற்றையும் பற்றி. அந்தக் கேள்விகளுக்குப் பலனும் இருந்தது. 2023-ல் மூன்று தீவு ஒன்றாகக் குறைந்தது. 2024 மார்ச்சில் மலேசியக் கூட்டரசு (மத்திய அரசு) ரயிலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், கடல் நிலத்தை விற்றுத்தான் ரயில் என்ற முடிச்சு அவிழ்ந்தது.

என் எண்ணம்: பினாங்குக்கு ரயில் தேவை. அத்தனை லட்சம் பேர், ஒரே வரிசையில் விமான நிலையம், தொழிற்பேட்டை, நகரம் என்று அமைந்த ஊருக்குப் பேருந்து மட்டும் போதாது. ஆனால் போக்குவரத்துத் திட்டத்தை நில வியாபாரத்தோடு கட்டியது பெரிய பிழை. கிட்டத்தட்ட 10 ஆண்டுகள் அதிலேயே போயின.

கார் ஓட்டிப் பழகினவங்க ரயில்ல ஏறுவாங்களா?

ஏறுவார்கள், மூன்று விஷயம் சரியாக இருந்தால்: அடிக்கடி வர வேண்டும், நிலையத்துக்கு நடந்துபோக முடிய வேண்டும், நிலையத்தைச் சுற்றி வீடும் வேலையும் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா இதற்கு நல்ல உதாரணம். முழுக்கக் காருக்காகவே வளர்ந்த ஊர். இலகு ரயில் வேண்டுமா என்பது 2016 தேர்தலில் முக்கியச் சண்டையானது. தாங்கள் வந்தால் ஒப்பந்தத்தையே கிழிப்போம் என்றது எதிர்க்கட்சி. ஆளும் கட்சி ஜெயித்தது, 2019 ஏப்ரலில் 12 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. நெரிசல் நேரத்தில் சுமார் 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி. பாதை போகும் பெரிய சாலையோரம் அடுக்குமாடி வீடுகள் எழும்பின, மக்களும் ஏறினார்கள். ஆனால் அந்தச் சாலை நடுவே நின்ற நூற்றுக்கணக்கான யூகலிப்டஸ் மரங்கள் போய்விட்டன. ரயில் திறந்த அதே மாதத்தில் பேருந்து வழித்தடங்களையும் மாற்றியமைத்தார்கள், பழைய பேருந்தை இழந்தவர்களுக்கு அது கசப்பாகவே இருந்தது.

அமெரிக்காவின் டல்லஸ் மறுபக்கம். சுமார் 150 கிலோமீட்டர் இலகு ரயில், அந்த நாட்டின் மிக நீளமான அமைப்புகளில் ஒன்று. ஆனால் பல நிலையங்களைச் சுற்றி இருப்பது கார் நிறுத்தும் மைதானம்தான். நீளத்தைப் பார்த்தால் பயணிகள் கூட்டம் ஏமாற்றமே.

ரயில் வந்தா ரோட்டு நெரிசல் தீருமா?

தீராது. காலியாகும் இடத்தை வேறு வண்டிகள் நிரப்பிவிடும். நெரிசலில் நிற்காமல் போக ஒரு வழி கிடைக்கும். அதுவே பெரிய காரியம். “நெரிசலை ஒழிப்போம்” என்று சொல்லி ரயில் விற்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆரம்பிச்சுட்டுப் பாதியில விட்டா?

கொழும்பைப் பார்க்கலாம். கோட்டையிலிருந்து மாலபே வரை ஜப்பான் கடனில் இலகு ரயில் கட்ட எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். 2020 செப்டம்பரில் அரசு ரத்து செய்தது. பாதையும் இல்லை, ஜப்பானோடு இருந்த உறவிலும் விரிசல். 1960 வரை டிராம் ஓடிய ஊர் அது.

சரி, காரைக்குடிக்கு வருமா?

காரைக்குடிக்கு இலகு ரயில் என்று அரசு ஒப்புதல் பெற்ற திட்டம் கிடையாது. நேர்மையாகச் சொன்னால், இப்போதைக்கு வரவும் வராது. கோயம்புத்தூர், மதுரை மெட்ரோத் திட்டங்களையே 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்கிற 2017 மெட்ரோ கொள்கையைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த அளவுகோலே எனக்கு உடன்பாடில்லை, மதுரையின் இன்றைய நெரிசலுக்கு 2011 கணக்கைப் பார்ப்பது நியாயமும் இல்லை. ஆனாலும் காரைக்குடிக்கு 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்தான். கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சில ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆன பிறகும் அது அந்த வரிசையில் நிற்கவில்லை.

மெட்ரோலைட் என்று சிறிய நகரங்களுக்காக 2019-ல் ஒன்றிய அரசு ஒரு தர விதி வெளியிட்டது. அதுகூட மணிக்கு ஒரு திசையில் ஆயிரக்கணக்கானவர்கள் பயணம் செய்யும் தடத்துக்கானது. பெரியார் சிலையிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை காலை எட்டரை மணிக்குக் கூட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதை நல்ல டவுன் பஸ் சுமக்கும்.

நம்ம ஊரு கார் ஊரா என்ன? எல்லாரும் பைக்கில்தானே போறோம்?

வாரநாளில் பைக் ஊர், முகூர்த்த நாளில் கார் ஊர். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு அறுபதாம் கல்யாணம் என்றால் சென்னை, மதுரை, கோவையிலிருந்து வரும் கார்கள் வீட்டு முகப்பிலிருந்து தெருமுனை வரை நிற்கும். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி, குன்றக்குடியில் பங்குனி உத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். மற்ற நாட்களில் அந்தத் தெருக்களில் ஆள் நடமாட்டமே குறைவு.

ஆனால் கார், பைக் என்ற பேச்சில் விட்டுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்கள், பள்ளிப் பிள்ளைகள், புதுவயல் அரிசி ஆலைக்கும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். மருத்துவரைப் பார்க்க எழுபது வயது ஆச்சி யாராவது பைக் வைத்திருக்கும் பையன் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரவு கடைசிப் பேருந்தை விட்டால் ஆட்டோவுக்குக் கேட்கிற காசைக் கொடுக்க வேண்டியதுதான். கார்களை நம்பியிருக்கும் ஊர் என்றால் என் அகராதியில் இதுதான்: வண்டி இல்லாதவர் வெளியே போக இன்னொருவர் தயவு வேண்டியிருக்கும் ஊர்.

அப்போ நமக்கு என்னதான் வேணும்?

ஏற்கெனவே இருக்கும் தண்டவாளத்தில் அடிக்கடி ஓடும் சின்ன ரயில். காரைக்குடி சந்திப்பிலிருந்து மூன்று பக்கமும் பாதை போகிறது. வடக்கே கோட்டையூர், செட்டிநாடு, திருமயம், புதுக்கோட்டை. அதில் செட்டிநாடு என்பது கானாடுகாத்தானுக்கான நிலையம். தெற்கே தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை, மானாமதுரை. கிழக்கே கண்டனூர் புதுவயல், அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, திருவாரூர். பினாங்குக்காரர்கள் 29 கிலோமீட்டருக்கு இத்தனை ஆண்டு சண்டை போட்டார்கள். நமக்கு மூன்று திசையிலும் நிலமும் தடமும் கையில் இருக்கின்றன.

இல்லாதது வண்டிகளின் எண்ணிக்கை. பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னைக்குப் போகிறது, ராமேஸ்வரம் போகும் ரயில்கள் கடந்து போகின்றன. ஆனால் புதுவயலிலிருந்து காரைக்குடிக்குக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குக் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ரயில் இருந்தால்தானே அது அவளுக்கான ரயில்? புதுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் அறந்தாங்கிக்கும் இடையே மணிக்கு ஒன்று என்று மெமுவோ டெமுவோ (குறுந்தூர மின்சார, டீசல் ரயில்கள்) ஓட்டினால் இலகு ரயில் செய்யும் வேலையில் பெரும்பகுதி இங்கே நடந்துவிடும்.

இரண்டாவது, நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி. காரைக்குடி சந்திப்பு ஊரின் நடுவில் இல்லை. தேவகோட்டை ரஸ்தாவில் இறங்குபவர் தேவகோட்டைக்குப் போக இன்னும் பல கிலோமீட்டர் போக வேண்டும். ரயில் வரும் நேரம் பார்த்து நிலைய வாசலில் டவுன் பஸ் நின்றால் மட்டுமே அது ஒரே பயணமாகும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருப்பத்தூர், ஆத்தங்குடிக்கு ரயிலே கிடையாது, அங்கே பேருந்துதான் ரயில். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நல்ல ஏற்பாட்டின் பலன் முழுதாகக் கிடைக்கப் பேருந்து வந்தாக வேண்டும்.

திருவாரூர் பாதையில ரயில் விட்டாங்க, யாரும் ஏறலைன்னு சொல்றாங்களே?

ஏன் ஏறவில்லை என்று பார்ப்போம். அந்த மீட்டர்கேஜ் பாதை 2012-ல் மூடப்பட்டது. அகலப்பாதையாக மாறி 2018-ல் பட்டுக்கோட்டை வரையும், 2019-ல் திருவாரூர் வரையும் திறந்தார்கள். வழியில் லெவல் கிராசிங்குகள் ஏராளம், கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் ரயிலிலேயே கேட் கீப்பரை ஏற்றிப் போனார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கி நடந்துபோய் கேட்டைச் சாத்துவார். ரயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். கேட்டுக்குக் கேட்டு இதே கதை. சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அப்படி ஓடிய ரயிலில் கூட்டம் இல்லை என்பதை வைத்து “மக்களுக்கு ரயில் வேண்டாம்” என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம். நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்ததற்கு இந்த வாதம்தான் காரணம். உருப்படியாக ஓட்டாமல் விட்டுவிட்டு ஆளில்லை என்பது, ஆளில்லை என்பதால் ஓட்டமாட்டோம் என்பது. இந்தச் சுற்றில் உலகம் முழுக்கப் பல நல்ல பாதைகள் செத்திருக்கின்றன.

ஒருவேளை டிராம் வந்தா தேரோட்டம் என்ன ஆகும்? மேலே கம்பி போகுமே?

நியாயமான பயம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. கொப்புடையம்மன் தேர் வரும் தெருவில் டிராம் கம்பி ஐந்தரை, ஆறு மீட்டர் உயரத்தில் நிரந்தரமாகக் கட்டினால் தேர் போகாது. பினாங்குத் தைப்பூசத்துக்கு 1894-ல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிய வெள்ளி ரதத்தைத் தெருத்தெருவாக இழுக்கிற மரபுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வழி உண்டு. பிரான்சில் போர்தோ நகரம் 2003-லிருந்து சில பகுதிகளில் தரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கிறது. நீஸ் நகரம் 2007-லிருந்து பழைய சதுக்கங்களைப் பேட்டரியில் கடக்கிறது. தைவானின் காவ்சியூங்கில் நிலையத்தில் நிற்கும்போதே மின்சாரம் ஏற்றிக்கொண்டு கம்பியே இல்லாமல் ஓடுகிறது. பேட்டரி ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் நம் ஊரிலேயே இருக்கிறது. என்றைக்காவது கம்பியில்லா வண்டி இங்கே ஓடினால் அதற்கான மூளை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

பழைய வீடுகளை இடிப்பாங்களா?

இருக்கும் தண்டவாளத்தைப் பயன்படுத்தினால் ஒரு சுவரைக்கூடத் தொட வேண்டாம். சாலை அகலப்படுத்துவதில்தான் திண்ணையும் முகப்பும் போகின்றன.

சாதாரண ஆள் நான், என்ன செய்ய முடியும்?

காரைக்குடி சந்திப்பு மதுரை ரயில்வே கோட்டத்தில் இருக்கிறது, திருவாரூர் திருச்சிக் கோட்டத்தில். ஒரு மனுவை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். “ரயில் வேண்டும்” என்று எழுதாமல், எந்த நிலையம், எத்தனை மணி, யாருக்கு என்று எழுதுங்கள். ஒரு கல்லூரி வகுப்பில் புதுவயல், அறந்தாங்கிப் பக்கமிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலே அது பலமான ஆவணம். பேருந்து நேரத்துக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்துக் காரைக்குடி மண்டல அலுவலகம் இருக்கிறது. மாமன்ற உறுப்பினரிடம் நிலைய வாசலில் டவுன் பஸ் நிற்க நிழற்குடை கேளுங்கள், அது அவர் கையில் இருக்கும் வேலை.

வெளியூரில் இருக்கும் நகரத்தார் உறவுகளுக்கும் ஒன்று. அடுத்த முறை படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ வரும்போது, ரயிலில் வந்து இறங்கும் விருந்தாளிகளுக்காகச் செட்டிநாடு, கோட்டையூர் நிலையங்களிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்து பாருங்கள். பத்திரிகையில் ரயில் நேரத்தையும் அச்சிடுங்கள்.